பதினெட்டுக்குப் பூஜ்யம்

இந்த வருட லீவில் ஒரு வாரத்தைத் தனியாக எடுத்து வைத்தேன். ஊருக்குப் போவதற்கு இல்லை, பேஸ்பால் பார்ப்பதற்கு. கப்ஸ் அணிக்குத் திங்கள் முதல் புதன் வரை மூன்று ஆட்டம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று ஆட்டம். ஆறும் சிகாகோவில், ரிக்லி ஃபீல்டில். வியாழன் அவர்களுக்கு ஓய்வு. அந்த ஒரு நாளைச் சும்மா விட மனம் வரவில்லை. அதற்கும் ஒரு ஆட்டத்தைத் தேடிப் பிடித்தேன். ஆக ஏழு நாளும் ஆட்டம்.

"ஏழு நாளும் அதையேவா பாக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு அவளே, "உங்க அப்பா பிள்ளைதானே நீங்க" என்றாள். அதில் எல்லாம் அடங்கிவிட்டது.

அப்பாவுக்குக் கும்பகோணத்தில் தபால் ஆபீஸ் வேலை. வருடம் முழுக்க லீவு போடாமல் சேர்த்து வைத்து, மார்கழி பிறந்ததும் மயிலாப்பூர் அத்தை வீட்டுக்கு வந்துவிடுவார். காலையில் ஒரு சபா, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன கீர்த்தனை, என்ன ராகம், வயலின் யார், மிருதங்கம் யார், எங்கே ராகத்தை விரித்தார், எங்கே அவசரப்பட்டார், எல்லாம் பென்சிலில் இருக்கும். "ஒரு கச்சேரியை வச்சு ஒருத்தரை எடை போடாதடா. தொண்டை கட்டின அன்னிக்கும் போய் உட்காந்து கேக்கணும்" என்பார்.

பேஸ்பாலைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். அப்பா சொன்ன வாக்கியம் இதற்குப் பொருந்துகிற அளவுக்கு வேறு எந்த ஆட்டத்துக்கும் பொருந்தாது. ஒரு அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்டத் தினமும் ஆட்டம்தான். பட்டியலில் முதலில் வருகிற அணிகூடப் பெரும்பாலும் அறுபது ஆட்டத்துக்கு மேல் தோற்றிருக்கும். பத்து முறை மட்டையைப் பிடித்து மூன்று முறை ஹிட் அடித்தால், அதாவது பந்தை அடித்து அவுட்டாகாமல் பேஸ் என்ற முதல் நிறுத்தத்துக்காவது ஓடிச் சேர்ந்தால், அவர் நட்சத்திரம். ஏழு முறை ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தவர் என்றும் அவரைச் சொல்லலாம், இரண்டும் ஒரே கணக்குதான். ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது சலிப்பாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. தொடர்ந்து வந்தால்தான் இதில் என்ன நடக்கிறது என்றே தெரியும்.

திங்கள் சாயங்காலம் ரெட் லைன் ரயிலில் ஆடிசன் நிலையத்தில் இறங்கினேன். இறங்கினால் எதிரே மைதானம். 1914இல் கட்டியது. சுற்றிலும் வீடுகள், மதுக்கடைகள், ஒரு தீயணைப்பு நிலையம். ஊருக்கு வெளியே கார் நிறுத்தும் வெட்டவெளிக்கு நடுவில் கட்டின அரங்குகளைப் போல இல்லை இது. தேர்முட்டியை ஒட்டி வீடு இருக்கிற மாதிரி, தெருவும் மைதானமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வாசலுக்கு வெளியே வேர்க்கடலை வாங்கிக்கொண்டேன். பையில் எலுமிச்சை சாதம் இருந்தது. இங்கே வெளிச்சாப்பாட்டைக் கொண்டுபோக விடுவார்கள், அதற்காகவே இந்த மைதானத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

என் இடம் மேல் அடுக்கில், மட்டை பிடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால். அங்கிருந்து பார்த்தால் வெளி மைதானச் சுவர் முழுக்கப் பச்சைக் கொடி. 1937இல் பில் வீக் என்பவர் நடவைத்தது. பந்து அந்த இலைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கி நின்றுவிடுவார், அடித்தவருக்கு இரண்டு பேஸ். அதற்கு மேலே அதே வருடம் கட்டிய ஸ்கோர்போர்டு. இன்றைக்கும் உள்ளே ஆட்கள் இருந்து எண்பலகைகளைக் கையால் மாற்றுகிறார்கள். ஆட்டத்தில் அடித்த பந்து ஒன்றுகூட இதுவரை அந்தப் பலகையில் பட்டதில்லை. போர்டின் உச்சியில் அணிகளின் கொடிகள், பட்டியலில் யார் மேலே யார் கீழே என்ற வரிசையிலேயே பறக்கும். நான் முதலில் பார்ப்பது அந்தக் கொடிகளைத்தான், வரிசைக்காக அல்ல, காற்றுக்காக. மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. காற்று ஏரியிலிருந்து உள்ளே அடித்தால் அது பந்து எறிகிற பிட்சரின் நாள். வெளியே அடித்தால் ரன் கொட்டும். 1979 மே 17 அன்று காற்று வெளியே அடித்தபோது ஃபிலடெல்ஃபியா 23, கப்ஸ் 22 என்று முடிந்திருக்கிறது.

திங்களன்று காற்று உள்ளே வந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். இரண்டு பேர் அடித்த பந்துகள் ஹோம் ரன் என்று கூட்டமே எழுந்து நிற்க, சுவருக்கு முன்னால் வந்து சோர்ந்து விழுந்தன. கப்ஸ் 2–1 என்று தோற்றது.

அன்றைக்குத்தான் அந்தப் பையனைக் கவனித்தேன். ஆட்ட வரிசையில் எட்டாவதாக இறங்குகிற ஒரு இளம் ஆட்டக்காரர், செகண்ட் பேஸ்மேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவருக்குச் சரியில்லாமல் போன வாரத்தை அவர் பெயரோடு ஒட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை. நான்கு முறை வந்தார், நான்கு முறையும் அவுட். நாலுக்குப் பூஜ்யம். எல்லோருக்கும் வருகிற நாள்தான். ஸ்கோர்கார்டில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

ஸ்கோர்கார்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அரங்கிலேயே அட்டையும் பென்சிலும் விற்பார்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, இன்னிங்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மைதானத்தைப் போலச் சின்ன வைரம். நிற்கும் இடத்துக்கெல்லாம் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, ஃபர்ஸ்ட் பேஸ் 3, செகண்ட் 4, தேர்டு 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளி மைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பொறுக்கி, செகண்டுக்குத் தட்டி, அவர் ஃபர்ஸ்டுக்கு எறிந்து இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3. மூன்று எண்ணில் ஒரு முழுக் காட்சி இருக்கிறது. பழைய அட்டையை எடுத்து அந்த எண்களைப் படித்தால் பந்து போன வழி கண்ணில் ஓடும். அப்பா நோட்டில் "தோடி, 35 நிமிஷம்" என்று எழுதியிருப்பதைப் படித்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு இந்த அட்டைகளால்தான் விளங்கியது.

அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ, சுழற்றித் தவறினாலோ ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் கே என்ற ஆங்கில எழுத்து. மட்டையைச் சுழற்றாமல், நின்றபடி மூன்றாவது ஸ்ட்ரைக்கைப் பார்த்துக்கொண்டே அவுட்டானால் அதே கே-யைத் திருப்பிப் போடவேண்டும். இந்த எழுத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகைக்காரர் என்பார்கள். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் பக்கம் வந்து, முதலில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஊரிலிருந்து வந்து பேஸ்பாலுக்குக் கணக்கு எழுதியவர் என்பதால் அவர் எனக்கு உறவுக்காரர் மாதிரி.

செவ்வாயன்று கப்ஸ் ஜெயித்தது. ஏழு ரன், ஆர்ப்பாட்டமான ஆட்டம். பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாவோடு அன்றைக்குத்தான் பழகிக்கொண்டேன். எழுபதைத் தாண்டியவர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், வருடச் சீட்டு வைத்திருப்பவர். மடியில் சுருள்கம்பி போட்ட ஸ்கோர் புத்தகம், காதோரம் பென்சில். நான் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐந்தாவது இன்னிங்ஸில் அது எர்ரரா, ஹிட்டா?" என்று கேட்டார். ஃபீல்டரின் தவறு, எர்ரர் என்று எழுதியிருந்தேன். "நானும் அப்படித்தான் போட்டேன், ஆனால் அதிகாரப்பூர்வ ஸ்கோரர் ஹிட் கொடுத்துவிட்டார்" என்றார். "மாற்றப் போகிறீர்களா?" என்றேன். "மாட்டேன். என் புத்தகம் அது" என்றார். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் அறிமுகம் தேவைப்படவில்லை.

வெற்றிக்குப் பின் ஸ்கோர்போர்டு கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏறியது, நடுவில் நீலத்தில் டபிள்யூ எழுத்து. தோற்றால் நீலக் கொடி, வெள்ளையில் எல். அந்தப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளட்டும் என்று முப்பதுகளில் ஆரம்பித்த வழக்கம். கையில் போன் வந்துவிட்ட பிறகும் நான் ரயிலில் ஏறியதும் கழுத்தைத் திருப்பிக் கொடியைத்தான் பார்க்கிறேன். செகண்ட் பேஸ் பையன் அன்றைக்கும் நாலுக்குப் பூஜ்யம். எட்டுக்குப் பூஜ்யம்.

புதன் மழை. மூன்றாவது இன்னிங்ஸின் பாதியில் பிடித்துக்கொண்டது. மைதான ஆட்கள் இருபது பேர் ஓடிவந்து பெரிய தார்ப்பாயை உருட்டி, இழுத்து, ஈரத்தில் சறுக்கிக்கொண்டே மொத்த உள் மைதானத்தையும் மூடினார்கள். களத்தில் நெல் காயும்போது மழை வந்தால் வீட்டில் எல்லோரும் ஓடுவார்களே, அதே ஓட்டம். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. பாதிப் பேர் போய்விட்டார்கள். அந்தம்மா அசையவில்லை. நான் எலுமிச்சை சாதத்தைப் பிரித்து நீட்டினேன். ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இதில் மஞ்சளாக இருப்பது என்ன, கடுகா, கடலை எதற்கு என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் மழையைப் பற்றிச் சொன்னார். இந்த மைதானத்தில் 1988 வரை விளக்கே கிடையாது, எல்லா ஆட்டமும் பகலில்தான். அந்த வருடம் ஆகஸ்ட் 8 அன்று முதல் முறையாக விளக்குப் போட்டார்கள். நாலாவது இன்னிங்ஸைத் தாண்டுவதற்குள் மழை கொட்டி ஆட்டம் ரத்தாகிவிட்டது. மறுநாள் நியூயார்க் மெட்ஸோடு ஆடியதுதான் கணக்கில் முதல் இரவு ஆட்டம். "நான் இரண்டு நாளும் இருந்தேன். முதல் நாள் எழுதின பக்கத்தைக் கிழிக்கவில்லை. கணக்கில் இல்லாவிட்டால் என்ன, நடந்ததுதானே" என்றார்.

2016 பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கப்ஸ் 1908இல் வேர்ல்டு சீரிஸ், அதாவது பருவத்தின் கடைசிப் பட்டம், ஜெயித்தது. அதற்கடுத்து ஜெயிக்க 108 வருடம் ஆனது. 2016 நவம்பர் 2, கிளீவ்லாண்டில் ஏழாவது ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் சமன், பதினேழு நிமிட மழை இடைவேளை, பத்தாவது இன்னிங்ஸில் 8–7. அந்த நாட்களில் ரிக்லியின் வெளிச் சுவர்ச் செங்கற்களில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுத ஆரம்பித்தார்கள். இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன் பெயர்கள். கை எட்டுகிற உயரம் வரை சுவர் முழுக்கப் பெயர்கள். நானும் அன்றைக்கு அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். எழுதுவதற்கு எனக்குப் பெயர் இல்லை. அப்பாவுக்கு இந்த ஆட்டமே தெரியாது. ஆனாலும் அங்கிருந்து நகர முடியாமல் ரொம்ப நேரம் நின்றேன்.

"நான் டீச்சர் இல்லையா, என் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் உடைத்து உடைத்துக் கொடுத்தேன். கடைசியில் எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்" என்று விரல் நுனியைக் காட்டினார். "அதில் அப்பா பெயரை எழுதினேன். பின்பாதி எழுத்துகள் கொஞ்சம் மங்கல்தான்."

மழை விட்டது. தார்ப்பாயை எடுத்து, மண்ணைக் கிளறி, புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆட்டம் தொடர்ந்து, கப்ஸ் தோற்றது. பையன் மூன்று முறை அவுட், ஒரு முறை எட்டாத நான்கு பந்தை அடிக்காமல் விட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போனார். நடந்து போனால் அது மட்டை வாய்ப்புக் கணக்கில் வராது. பதினொன்றுக்குப் பூஜ்யம். அந்த நடையை நான் மதித்தேன். அடிக்க முடியாமல் தவிக்கிறவனுக்குக் கைக்கு எட்டாத பந்தை விடுவது ரொம்பக் கஷ்டம், எதையாவது அடித்துவிட வேண்டும் என்று கை பறக்கும்.

வியாழன் ரோஸ்மான்ட்டுக்குப் போனேன். ப்ளூ லைனில் ஒஹேர் விமான நிலையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால். சிகாகோ டாக்ஸ் என்று ஒரு அணி, அமெரிக்கன் அசோசியேஷன் லீகில் ஆடுகிறது. கப்ஸ் ஆடுகிற மேல்மட்ட மேஜர் லீக் அணிகள் எதோடும் ஒட்டாத லீக் அது. வேறு அணிகள் வேண்டாம் என்று விட்டவர்கள், யாரும் எடுக்காதவர்கள், ஒருகாலத்தில் மேலே ஆடிவிட்டு இறங்கி வந்தவர்கள், எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். 2018இல் திறந்த சின்ன அரங்கு, ஆறாயிரம் பேர் உட்காரலாம். தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பிட்சர் பந்து போட்டுப் பழகும்போது கையுறையில் விழுகிற சத்தம் நெஞ்சில் கேட்கும், அவ்வளவு பக்கம்.

அங்கே முப்பதைத் தாண்டிய ஒரு பிட்சர். முதல் இன்னிங்ஸிலேயே நாலு ரன் கொடுத்துவிட்டார். இரண்டாவது இன்னிங்ஸுக்கு வந்து நின்று, பிடி வழுக்காமலிருக்க வைத்திருக்கிற ரோசின் பொடிப் பையைப் பின்புறங்கையில் தட்டி, அதைச் சரியாக மேட்டின் பின் விளிம்பில் அதே இடத்தில் வைத்தார். அதிலிருந்து ஆறாவது வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பையை எங்கே வைத்தார் என்பதை ஒவ்வொரு இன்னிங்ஸிலும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் நின்ற குழந்தைகளுக்குக் கடைசிக் குழந்தை போகும்வரை கையெழுத்துப் போட்டார். அந்த வாரத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த பந்துவீச்சு எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

வெள்ளி மதியம் 1:20 ஆட்டம். ரிக்லியில் பகல் ஆட்டம் என்பது தனி. மேகநிழல் புல்மேல் நகர்வதைப் பார்க்கலாம், கொடிச்சுவர் வெயிலில் மினுங்கும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வந்திருந்தார்கள், பாதி அரங்கு சிவப்புச் சட்டை. தலைமுறை தலைமுறையாக வருகிற பகை இது. 1964 ஜூன் 15 அன்று லூ ப்ராக் என்ற இளைஞரைக் கப்ஸ் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு எர்னி ப்ரோலியோ என்ற பிட்சரை வாங்கியது. ப்ராக் அங்கே போய் 888 பேஸ் திருடி, அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து, 3,000 ஹிட்டைத் தாண்டி, ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்விட்டார். அந்தம்மா அன்றைக்குச் சின்னப் பெண். "எங்கள் வீட்டில் அன்று ராத்திரி யாரும் பேசவில்லை" என்றார், போன வாரம் நடந்ததைச் சொல்கிற மாதிரி.

கப்ஸ் தோற்றது. பையன் நாலு முறை அவுட். பதினைந்துக்குப் பூஜ்யம். மூன்றாவது முறை வரும்போது எங்கள் பக்கத்திலேயே யாரோ கூ என்று கத்தினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தம்மா திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான், சத்தம் நின்றது. முப்பது வருடம் வகுப்பெடுத்த பார்வை.

அன்றைக்கு அந்தப் பையன் ஒன்று செய்ததைக் கார்டில் ஓரமாக எழுதி வைத்திருக்கிறேன். எட்டாவது இன்னிங்ஸ், வலப்பக்கம் பாய்ந்து, விழுந்து, முழங்காலிலிருந்தே ஃபர்ஸ்டுக்கு எறிந்தார். 4-3. மட்டையில் ஒன்றுமே வராத நாளில் கையுறையைத் தூக்கமாக வைத்திருப்பது சுலபம். அவருக்கு அது விழித்துக்கொண்டுதான் இருந்தது.

சனிக்கிழமை அவரை உட்கார வைத்துவிட்டார்கள். கப்ஸ் சுலபமாக ஜெயித்தது, கடைசியில் அவரை ஒரே ஒரு முறை மாற்று ஆளாக இறக்கினார்கள். பந்து நேராக சென்டர் ஃபீல்டர் கைக்குப் போனது. பதினாறுக்குப் பூஜ்யம்.

ஞாயிறன்று மைதானம் திறக்கும்போதே போய்விட்டேன். பயிற்சி முடிந்து மற்றவர்கள் உள்ளே போன பிறகும் அவர் மட்டும் ஆட்டக்காரர்கள் உட்காருகிற டகவுட்டின் படியில் உட்கார்ந்து மட்டைப் பிடியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். முழுக்கப் பிரித்து, புதிதாகக் கீழிருந்து மேலாகச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, கட்டைவிரலால் நுனியை அழுத்தினார். பிடித்துப் பார்த்தார். திரும்பப் பிரித்தார்.

மீண்டும் எட்டாவது இடம். இரண்டாவது இன்னிங்ஸில் வெளி மைதானத்துக்கு ஒரு தூக்கு, அவுட். நாலாவதில் மூன்று ஸ்ட்ரைக். பதினெட்டுக்குப் பூஜ்யம். கார்டில் அந்த வரிசையை நான் ரொம்பச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன், இப்போது பார்த்தால் தெரிகிறது.

ஏழாவது இன்னிங்ஸின் பின்பாதி. கப்ஸ் 5–1 என்று பின்தங்கியிருந்தது, இரண்டு அவுட், பேஸில் யாருமில்லை. இந்த ஆட்டத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை என்று ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்தம்மா பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நானும். முதல் பந்து ஸ்ட்ரைக். இரண்டாவது வெளியே. மூன்றாவதை மட்டையின் அடிப்பக்கத்தில் வாங்கினார், செத்த சத்தம், மட்டை இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு தேர்டு பேஸ் பக்கம் பறந்தது. பந்து ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேலே ஏறி, அவர் பின்னோக்கி ஓட, லெஃப்ட் ஃபீல்டர் முன்னோக்கி ஓடிவர, இருவருக்கும் நடுவில் புல்லில் பொத்தென்று விழுந்தது.

அழகான ஹிட் இல்லை. நான் எழுந்து நின்று கத்தினேன். சுற்றிலும் ஒரு ஐம்பது பேர் கத்தினோம், வாரம் முழுக்க வந்தவர்கள் யாரென்று அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அவர் ஃபர்ஸ்ட் பேஸில் நின்று சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, பேஸ்மேல் ஒரு காலை வைத்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டார். கோச் அவர் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். உடைந்த மட்டைத் துண்டை ஒரு பையன் ஓடிவந்து பொறுக்கிக்கொண்டு போனான். புது டேப் அதிலேயே இருந்தது.

வைரத்தின் முதல் கோட்டை அழுத்தி வரைந்தேன். அந்தம்மா தன் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். "இதில் ஏதும் சந்தேகம் இல்லையே?"

"இல்லை. ஹிட்தான்."

அடுத்து வந்தவர் இரண்டு பந்தை விட்டார், ஒன்றை வெளியே தட்டினார், இரண்டு ஸ்ட்ரைக் ஆனது. அடுத்த பந்து வெளி விளிம்பில். அசையாமல் நின்றார், அம்பயர் கையைத் தூக்கிவிட்டார். ஃபர்ஸ்டில் நின்ற பையனுக்கு உள்ளேயிருந்து யாரோ கையுறையும் தொப்பியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, தன் இடத்துக்கு ஓடினார். நாங்கள் இருவரும் குனிந்து கே-யைத் திருப்பிப் போட்டோம்.